பனியில் கிளம்புவதும் ஐஸில் நிற்பதும்

ஒட்டாவா ஆற்றின் தென்கரையில் கனடாவின் தலைநகரமான ஒட்டாவா. வடகரையில் காட்டினோ. நடுவே ஆறு ஓடினாலும் இரண்டும் ஒன்றோடொன்று கலந்த ஊர்கள்தான். காலையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் திரும்புகிறவர்களுமாகப் பாலங்கள் எப்போதும் நெரிசலாக இருக்கும். ஜனவரியில் இரு கரைகளிலும் விழுவது ஒரே பனி. ஆனால் பாலத்தில் முன்னும் பின்னுமாகப் போகும் இரண்டு கார்களில், கியூபெக் நம்பர் பிளேட் போட்ட கார் பனி டயர் மாட்டியிருந்தே ஆக வேண்டும். ஒன்டாரியோ பிளேட் போட்ட காருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

கியூபெக்கில் இந்தச் சட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. முதலில் டிசம்பர் 15-லிருந்து மார்ச் 15 வரை என்று இருந்தது. 2019 முதல் டிசம்பர் 1-க்கே தொடங்கிவிடுகிறது. மீறுகிறவர்களுக்கு 200 முதல் 300 டாலர் வரை அபராதம். நாட்டின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா வேறு வழியில் போகிறது. அங்கே விதி காருக்கு அல்ல, சாலைக்கு. அக்டோபர் 1 முதல் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் ஏறும் எந்தக் காரிலும் பனிக்கு ஏற்ற டயர் இருக்க வேண்டும். மலைப்பாதைகளில் இது ஏப்ரல் 30 வரை நீள்கிறது. ஒன்டாரியோவோ கட்டாயப்படுத்துவதில்லை. பனி டயர் மாட்டுகிறவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி 1 முதல் விதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கனடாத் தமிழர்களில் பெரும்பாலானோர் வாழ்வது அந்த ஒன்டாரியோவில். ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் வீடுகளில் அக்டோபர் பிறந்தாலே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். வின்டர் டயர் என்கிற பனி டயரை மாட்டுவதா, ஆல்-வெதர் வாங்கி வருடம் முழுக்க ஓட்டுவதா, கார் வந்தபோது இருந்த டயரிலேயே இன்னும் ஒரு குளிர்காலத்தைத் தள்ளிவிடலாமா? யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வண்டி ஓட்டப் பழகியவர்களுக்கு டயரைப் பற்றி இரண்டே கேள்விகள்தான் இருந்திருக்கும்: பட்டன் தேய்ந்துவிட்டதா, காற்று சரியாக இருக்கிறதா. ரப்பரின் தன்மையே வானிலையோடு மாறும் என்று யோசிக்க அந்த ஊர்களில் அவசியம் இருந்ததில்லை.

கார் விற்பனை நிலையத்திலிருந்து வெளியே வரும்போது பெரும்பாலான கார்களில் இருப்பது ஆல்-சீசன் டயர். இந்த வகையைப் பிரபலமாக்கியது குட்இயர் நிறுவனம் 1977-ல் வெளியிட்ட டியெம்போ. அதற்கு முன் வட அமெரிக்காவில் குளிர் வந்தால் டயர் மாற்றுவது வழக்கமான வீட்டு வேலை. ஒரே டயரில் ஆண்டு முழுக்க ஓட்டலாம் என்ற வசதி மக்களுக்குப் பிடித்துப்போனது. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும், எப்போதாவது விழும் லேசான பனிக்கும் அந்த டயர் போதும். டென்னசியிலோ வர்ஜீனியாவிலோ குறை சொல்ல இடமிருக்காது. ஐந்து மாதம் குளிர் நிற்கும் ஊருக்கு அது செய்யப்படவில்லை.

டயர்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் எண் 7 டிகிரி செல்சியஸ். வெப்பநிலை அதற்குக் கீழே போனால் ஆல்-சீசன் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. கோடு கிழித்தாற்போல் ஏழில் ஒன்றும் நடந்துவிடுவதில்லை. குளிரக் குளிர ரப்பரின் நெகிழ்வு படிப்படியாகக் குறைகிறது. சாலையைப் பார்த்தால் வழவழப்பாகத் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் அது முழுக்கச் சிறு மேடுகளும் பள்ளங்களும்தான். நெகிழும் ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. விறைத்த ரப்பர் மேடுகளின் தலையில் மட்டும் உட்கார்ந்து வழுக்குகிறது. அதனால்தான் பனியே இல்லாத, காய்ந்த, மைனஸ் 10 டிகிரி சாலையில்கூடப் பனி டயருக்கு வேலை இருக்கிறது. அதன் ரப்பர்க் கலவையில் சிலிக்கா அதிகம். பூஜ்யத்துக்கு வெகு கீழேயும் அது மென்மை குறையாமல் இருக்கும். அதே மென்மைதான் ஜூலை மாத வெயிலில் அதற்கு எதிரியாகிறது. பனி டயரைக் கோடையிலும் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிரேக் அடித்தால் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும்.

ஆல்-சீசன், ஆல்-வெதர் என்ற இரண்டு பெயர்களும் காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே விழுகின்றன. கடையில் நிற்கிறவர் குழம்புவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, அமெரிக்கச் சந்தையில் ஆல்-சீசன் என்ற பெயரில் விற்கப்படும் மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, தன்மையில் ஆல்-வெதர் வகையைச் சேர்ந்தது. எனவே பெயரைப் பார்ப்பதைவிட டயரின் பக்கச் சுவரைப் பார்ப்பது நல்லது. மூன்று முகடுகள் கொண்ட ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்ற குறி அங்கே இருக்கிறதா? இருந்தால் அது வின்டர் டயராகவோ ஆல்-வெதர் டயராகவோ இருக்கும். 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அதை நம்பிக் குளிர்காலத்தில் இறங்க முடியாது. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று சொல்லும் அந்த எழுத்துகளைப் போட எந்தச் சோதனையும் கட்டாயமில்லை. பட்டன்களுக்கு நடுவே குறிப்பிட்ட அளவு இடைவெளி இருந்தால் போதும் என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது அது. பிரிட்டிஷ் கொலம்பியா இன்னமும் அதை ஏற்கிறது. கியூபெக் 2014 டிசம்பரிலிருந்து மலைக்குறியைக் கேட்கிறது. ஜெர்மனியும் 2024 அக்டோபரிலிருந்து பனிச் சாலைக்கு மலைக்குறி உள்ள டயரைத்தான் ஒப்புக்கொள்கிறது.

அந்த மலைக்குறியையும் முழுக்க நம்பிவிடக் கூடாது என்பதுதான் இந்த விஷயத்தில் பலருக்குத் தெரியாமல் போகும் பகுதி.

1999-ல் வட அமெரிக்க டயர்த் தயாரிப்பாளர்கள் கொண்டுவந்த குறி அது. அதைப் பெற ஒரு டயர் தேற வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. இறுகிய பனியின் மேல் நேர்க்கோட்டில் முடுக்கும்போது, ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகப் பற்ற வேண்டும். அதாவது பனியில் கிளம்பும் திறன். வளைவில் திரும்பும் திறன் அதில் இல்லை. பிரேக் அடித்து நிற்கும் திறன் இல்லை. ஐஸ் என்பது அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. ஆக, ஒரு வின்டர் டயரும் ஓர் ஆல்-வெதர் டயரும் பக்கச் சுவரில் ஒரே குறியைச் சுமந்திருக்கலாம். ஐஸ் மேல் அவை நிற்கும் தூரம் வெகுவாக வேறுபடலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்து, 2021 மே முதல் தன் டயர் லேபிளில் ஐஸ் பிடிமானத்துக்கென்று தனிக் குறி ஒன்றைச் சேர்த்திருக்கிறது. கனடாவில் டயர் வாங்குகிறவருக்கு மலைக்குறியைத் தாண்டி ஐஸைப் பற்றிச் சொல்லும் அரசு லேபிள் எதுவும் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐஸுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நகரத் தெருவின் சாதாரண வேகம். ஐஸ் மேல் ஒரு டயரின் உராய்வு எண் 0.1 என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து கார் நிற்க ஏறத்தாழ 98 மீட்டர் ஆகும். இன்னொரு டயர் கொஞ்சம் நன்றாகப் பற்றுகிறது, அதன் எண் 0.15 என்றால், 66 மீட்டருக்குள் நின்றுவிடும். இரண்டாவது கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை முதல் கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 29 கிலோமீட்டர். காகிதத்தில் 0.05 என்ற சிறு வித்தியாசம், பாதசாரிக் கோட்டில் நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு உயிர்ப் பிரச்சினை. காரை ஓட்டுகிறவர் மட்டும் சுமக்கும் ஆபத்து அல்ல இது. டயரைச் சொந்தக் காசுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு என்று உறுதியாகச் சொல்ல இந்தக் கணக்கே போதும்.

ஐஸ் எப்போது அதிகம் வழுக்கும் என்பதிலும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. கடுங்குளிரில்தான் மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரியில் ஐஸ் காய்ந்து கெட்டியாக இருக்கும். டயருக்கு ஓரளவு பிடி கிடைக்கும். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உருவாகி, ரப்பருக்கும் ஐஸுக்கும் நடுவே புகுந்துகொள்கிறது. வின்னிபெக்கின் ஜனவரிச் சராசரி மைனஸ் 16 டிகிரியை ஒட்டியது. டொராண்டோவின் சராசரி உறைநிலைக்குச் சில டிகிரிகள்தான் கீழே. பகலில் உருகி இரவில் உறையும் சுழற்சி டொராண்டோவில் குளிர்காலம் முழுக்க நடக்கிறது. 'எங்கள் ஊரில் குளிர் அவ்வளவு மோசமில்லை' என்று டொராண்டோக்காரர்கள் சொல்வது தெர்மாமீட்டருக்குச் சரி. தார்ச்சாலையின் நிறத்திலேயே படிந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பிளாக் ஐஸ் அந்த மிதமான குளிரில்தான் அதிகம் பிறக்கிறது.

அந்த நீர்ப்படலத்தை வெல்ல எடுத்த முயற்சிகளில் ஜப்பானின் கதை முக்கியமானது. அங்கே பனி மாநிலங்களில் ஒரு காலத்தில் உலோக ஆணி பதித்த டயர்களைத்தான் மாட்டினார்கள். ஆணிகள் ஐஸைக் குத்திப் பிடிக்கும். ஐஸ் இல்லாத நாட்களில் சாலையையே சுரண்டும். செண்டாய் போன்ற நகரங்களில் அப்படிக் கிளம்பிய தூசி மக்கள் மூச்சு விட முடியாத அளவுக்கு வளர்ந்து, 1990-ல் ஆணி டயர்களுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1988-ல், பிரிட்ஜ்ஸ்டோன் தன் பிளிசாக் டயரை வெளியிட்டிருந்தது. அதன் ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஐஸ் மேலிருக்கும் நீர்ப்படலத்தை அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்ள, ரப்பர் நேரடியாக ஐஸைத் தொடுகிறது. பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல் நெருக்கமாக ஓடும் மெல்லிய வெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பாக நின்று பிடிக்கும். இன்றைக்குக் கனடாவில் விற்கும் ஆணி இல்லாத வின்டர் டயர்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த வழியில் வந்தவைதான். ஒன்டாரியோவின் தென்பகுதியில் வசிப்பவர்களுக்கு ஆணி டயர் அனுமதி இல்லை. வட ஒன்டாரியோவாசிகளுக்கு மட்டும் உண்டு.

இன்னொரு பெரிய பெயர் பின்லாந்தின் நோக்கியன். உலகின் முதல் பனி டயரை 1934-ல் லாரிகளுக்காகச் செய்தது இந்த நிறுவனம்தான். 1936-ல் கார்களுக்கான ஹக்காபெலிட்டா வந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஆல்-வெதர் வகையை வட அமெரிக்கக் கடைகளுக்குக் கொண்டுவந்து பழக்கியதிலும் நோக்கியனுக்குப் பெரும்பங்கு உண்டு. நெடுநாள் அந்த வகை ஓரமாகவே விற்பனையாகிக்கொண்டிருந்தது. மிஷலின் 2015-ல் ஐரோப்பாவில் கிராஸ்கிளைமேட்டை இறக்கிய பிறகு மற்ற நிறுவனங்களும் வரிசையாக வந்துவிட்டன. டோயோ செல்சியஸ், ஃபயர்ஸ்டோன் வெதர்கிரிப், பிரிட்ஜ்ஸ்டோன் வெதர்பீக் என்று இப்போது தேர்வுகள் நிறைய.

ஆல்-வெதர் என்பது ஒரு சமரசம், நல்ல சமரசம். கோடையில் வின்டர் டயர்போல் உருகித் தேயாது. குளிரில் ஆல்-சீசன்போல் விறைக்காது. பனி மேல் கிளம்பவும் நிற்கவும் வின்டர் டயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஐஸில்தான் பின்தங்குகிறது. கோடை வெயிலையும் தாங்க வேண்டியிருப்பதால் அதன் ரப்பரை வின்டர் டயர் அளவுக்கு மென்மையாக்க முடியாது; அந்த இடைவெளியை வடிவமைப்பால் முழுக்க நிரப்பிவிடவும் முடியாது.

இதை வைத்துப் பார்த்தால் யாருக்கு எது என்று சொல்வது அவ்வளவு கடினமில்லை. ஒருவருக்கு ஸ்கார்பரோவில் அடுக்குமாடி வீடு, நான்கு டயர்களை அடுக்கி வைக்க இடமில்லை. ரயிலில் வேலைக்குப் போகிறார். கார் எடுப்பது கடைக்கும் கோயிலுக்கும் பிள்ளைகளின் வகுப்புக்கும்தான். பெரும்பனி கொட்டினால் அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருக்க முடியும். இவருக்கு ஆல்-வெதர் மிகப் பொருத்தம். வான்கூவர்க்காரருக்கும் அப்படியே, அங்கே குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழை, ஈரச் சாலையில் ஆல்-வெதர் நன்றாகவே ஓடும், மலைக்குப் போகும் நெடுஞ்சாலையின் விதிக்கும் அது போதும்.

வேலை நேரம் கேட்டால்தான் அடுத்த ஆளுக்கு விடை கிடைக்கும். மருத்துவமனையில் காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கே கிளம்பும் நர்ஸ், உப்பு வண்டி வந்துபோகும் முன்பே சாலையில் இருக்கிறார். விநியோக வேலை பார்ப்பவர் பனிப்புயல் என்று வீட்டில் உட்கார முடியாது. வீட்டு விலை குறைவென்று டொராண்டோவிலிருந்து வடக்கே பாரிக்குக் குடிபெயர்ந்து, தினமும் 400-ம் நெடுஞ்சாலையில் இறங்கி வருகிறவர்கள் இப்போது நிறைய. ஜார்ஜியன் விரிகுடாவின் நீர்ப்பரப்பைத் தாண்டி வரும் குளிர்காற்று அந்தப் பகுதியில் திடீர்ப் பனியைக் கொட்டும். பத்து நிமிடத்துக்கு முன் வெயிலடித்த சாலை கண்ணிலிருந்து மறைந்துபோகும். இவர்களுக்கெல்லாம் வின்டர் டயர் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க மனம் வராது. சட்பரி, ஒட்டாவா, மாண்ட்ரியல், எட்மண்டன் என்றாலும் அதே பதில். மூன்றாவது வழியான பழைய ஆல்-சீசனிலேயே ஓட்டுவது, தென் ஒன்டாரியோவின் மிதமான பகுதியில்கூட நியாயப்படுத்தக் கடினமானது. செலவைப் பொறுத்தவரை, இரண்டு செட் வைத்திருந்தால் ஒன்று ஓடும்போது மற்றொன்று ஓய்வெடுக்கிறது, ஆயுள் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. முதல் ஆண்டு பில் கனமாகத் தெரிந்தாலும் ஐந்தாறு ஆண்டுக் கணக்கில் அது பெரும்பாலும் ரிம்முக்கும் மாற்றுக் கூலிக்குமான செலவுதான்.

'என் கார் ஆல்-வீல் டிரைவ், எனக்கு எதற்கு?' என்ற கேள்வி எல்லா விருந்துகளிலும் வரும். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போவது கிளம்புவதற்கு உதவும், மேடேற உதவும். பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களில்தான் இருக்கிறது. நிற்பது என்று வரும்போது கொரோலாவும் எஸ்யூவியும் டயரை நம்பித்தான் நிற்க வேண்டும். எஸ்யூவிக்கு நிறுத்த வேண்டிய எடையும் அதிகம்.

முன்சக்கர இயக்கம் உள்ள காருக்கு முன்னால் மட்டும் இரண்டு பனி டயர் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கிற பழக்கமும் ஆபத்தானது. வளைவில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடி விட்டு வெளியே சுழன்று வந்துவிடும். சுழலத் தொடங்கிய காரை மீட்பது பழகிய ஓட்டுநருக்கே கடினம். நான்கும் ஒரே வகை, ஒரே மாடல், ஏறத்தாழ ஒரே தேய்மானம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வின்டர் டயர் என்று முடிவாகிவிட்டால் தனியாக ஒரு செட் ஸ்டீல் ரிம் வாங்கி அதிலேயே பொருத்தி வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு இரண்டு முறை டயரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்டினால் டயரின் விளிம்பும் கெடும், கூலியும் ஏறும். பிரேக்குக்கு இடம் விடுமானால் ஓர் அங்குலம் சிறிய ரிம்மும் அதற்கேற்ற, சற்று அகலம் குறைந்த டயரும் போடலாம். விலையும் குறையும், பனியைக் கிழித்துக்கொண்டு போவதற்கும் ஒடுங்கிய டயர் வசதி. எந்த அளவு பொருந்தும் என்பது காரின் கையேட்டிலும் ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலும் இருக்கும் விவரத்தோடு கடைக்காரர் சரிபார்க்க வேண்டியது. மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிச் சரிபார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யாமல் விட வேண்டாம்.

இணையத்தில் பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் 'டாட்' என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 3822 என்றிருந்தால் 2022-ம் ஆண்டின் 38-வது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் விறைத்திருக்கும். மென்மைக்காகவே வாங்கும் டயரில் மென்மை போய்விட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

காற்றழுத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ ஐந்தரை டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி சூடான பட்டறைக்குள் 35 பிஎஸ்ஐ பிடித்துக்கொண்டு வந்த டயர், மைனஸ் 15 டிகிரிக் காலையில் 29-க்கு வந்திருக்கும். அமெரிக்காவைப் போலக் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி கனடாவில் சட்டப்படி கட்டாயமில்லை. பல கார்களின் பனி ரிம்களில் அந்த சென்சார் இருக்காது. மாதம் ஒருமுறை கையால் பார்ப்பதே வழி.

கடைசியாக ஆல்-வெதர் வாங்கியவர்களுக்கு ஒன்று. உங்கள் டயர் கோடையிலும் ஓடுகிறது, எனவே குளிருக்குத் தேவையான ஆழத்தை ஜூலையிலும் செலவழித்துக்கொண்டிருக்கிறது. பட்டன்களின் மேலுள்ள மெல்லிய வெட்டுகள் பல, அடிவரை போவதில்லை. தேயத் தேய அவை மறையும். 4 மில்லிமீட்டருக்கு அருகில் தேய்ந்த டயரைப் பனிச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்கிறது கனடாவின் போக்குவரத்துத் துறை. சட்டத்தின் குறைந்தபட்ச அளவு இதைவிட வெகு கீழே, ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால், சட்டப்படி சரியான டயரே பனிக்குப் போதாத டயராக இருக்கலாம். ஆழமானி சில டாலருக்குக் கிடைக்கிறது. மூன்றாவது குளிர்காலத்துக்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில், நான்கு டயர்களிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று அளந்து பார்த்து, ஐந்துக்குக் கீழே வந்திருந்தால் அப்போதே கடைக்கு ஃபோன் செய்யுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் கேட்டால் உங்கள் அளவில் டயரும் கிடைக்காது, மாட்டித்தர நேரமும் கிடைக்காது.